கூடோத்திரமா (செய்வினையா), கொழுப்பா, நோயா? மனநோய் பற்றியும் குடி பற்றியும் குமரி மாவட்டத்துக் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

மனநோயாலோ குடியாலோ பாதிக்கப்பட்டவர்களின் வீட்டாரோடு பல ஆண்டுகளாக ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத் துணையாகப் போய் வருகிறேன். நான் மருத்துவம் படித்தவன் இல்லை. சீட்டு எடுத்துக் கொடுப்பது, வரிசையில் உடன் உட்கார்ந்திருப்பது, டாக்டர் சொன்னதை வீட்டில் உள்ளவர்களுக்குப் புரியும்படி மறுபடி சொல்வது ஆகியவையே என் வேலை. தோவாளையிலிருந்து வந்தவரும் தூத்தூரிலிருந்து வந்தவரும் அந்த பெஞ்சில் உட்கார்ந்து கேட்பவை ஏறக்குறைய ஒரே கேள்விகள்தாம். முதல் அறிகுறி தெரிந்த நாளுக்கும் முதல் சீட்டு எடுத்த நாளுக்கும் நடுவே ஆண்டுகள் கழிந்துபோவதைப் பார்க்கிறேன். அந்த ஆண்டுகளைத் தின்பவை பெரும்பாலும் இந்தச் சந்தேகங்கள் என்பதால், கேட்டவர்களின் சொற்களிலேயே அவற்றைத் தொகுத்திருக்கிறேன். மருந்தின் அளவு பற்றி இதில் எதுவும் இல்லை; அதை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

1. மனநலம்னு சொல்லுறாங்க, மனநோய்னு சொல்லுறாங்க. ரெண்டும் ஒண்ணுதானே?

ஒன்றல்ல. உடல்நலம் போல மனநலமும் எல்லாருக்கும் உள்ளது. பசித்து உண்டு, படுத்தால் உறங்கி, செய்கிற வேலையில் மனம் ஊன்றி, சண்டை போட்டாலும் மறுநாள் முகம் பார்த்துப் பேச முடிகிற நிலை அது. துக்க வீட்டில் அழுவதும், பரீட்சைக்கு முந்தின இரவு வயிறு கலங்குவதும், கடன்காரர் வந்துபோன அன்று தூக்கம் வராமல் புரள்வதும் நோய் அல்ல.

காரணம் நீங்கிய பிறகும் அந்த நிலை நீங்காமல், அல்லது காரணமே இல்லாமல் வந்து தங்கி, உறக்கத்தையும் உணவையும் வேலையையும் உறவையும் கெடுக்கத் தொடங்கினால் அது நோய். மனச்சோர்வு நோயைப் பொறுத்தவரை, பெரும்பாலான நாள்களில் நாளின் பெரும்பகுதி, இரண்டு வாரங்களுக்குக் குறையாமல் இப்படி இருப்பதை மருத்துவர்கள் அளவாகக் கொள்கிறார்கள். 2015-16இல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பில், வயது வந்தோரில் 10.6 சதவீதம் பேருக்கு அப்போது ஏதோ ஒரு மனநோய் இருந்தது தெரியவந்தது. பத்தில் ஒருவர் என்றால், எந்தத் தெருவும் இதற்கு விலக்கு அல்ல. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் சிகிச்சைக்கே வரவில்லை என்பதும் அதே கணக்கெடுப்பு சொன்னதுதான்.

2. மூளை வளர்ச்சி குறைந்த பிள்ளையும் மனநோயாளியும் ஒன்றா?

இல்லை. அறிவுசார் குறைபாடு பிறப்பிலோ சிறு வயதிலோ தொடங்கி வாழ்நாள் முழுவதும் இருப்பது. அதற்குத் தேவை பயிற்சி. மனநோய், நன்றாகப் படித்து வேலை பார்த்துக்கொண்டிருந்தவருக்கும் இடையில் வரும். அதற்குச் சிகிச்சை உண்டு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் இவ்விரண்டையும் தனித்தனியாகவே குறிப்பிடுகிறது. ஆகவே அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும்போது எந்தப் பிரிவில் எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

3. எதைக் கண்டால் டாக்டரிடம் போகணும்? சும்மா சோம்பேறித்தனமாகக்கூட இருக்கலாம் இல்லையா?

குலசேகரம் பக்கத்தில் ரப்பர் பால்வெட்டும் ஒருவரின் மனைவி கேட்ட கேள்வி இது. அவர் கணவர் இருபது ஆண்டுகளாக விடியும் முன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போனவர். ஒரு மழைக்காலம் முடிந்த பிறகு, கத்தியைத் தீட்டி எடுத்துக்கொண்டு வாசல் வரை வந்து நின்றுவிட்டு, திரும்பப் போய்ப் படுத்துக்கொள்ளத் தொடங்கினார். அதைச் சோம்பல் என்று வீட்டார் நான்கு மாதம் திட்டினார்கள். ஐந்தாம் மாதம் அவர் சன்னல்களில் செய்தித்தாளை ஒட்டி மறைத்தார்; அடுத்த வீட்டில் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்றார். அப்போதுதான் ஆசாரிப்பள்ளம் வந்தார்கள்.

வந்த மனைவியிடம் டாக்டர் கேட்டது ஒன்றுதான்: "முன்பு இப்படித்தான் இருந்தாரா?" ஒருவர் இயல்பிலேயே பேச்சுக் குறைந்தவராக இருக்கலாம், கோபக்காரராக இருக்கலாம், அது நோய் இல்லை. அவருடைய பழைய இயல்பிலிருந்து மாறிப்போவதே அறிகுறி. உறக்கம் கெடுவது, குளிப்பதிலும் உடுப்பதிலும் அக்கறை போவது, தனியே பேசிச் சிரிப்பது, யாரோ கெடுதி செய்கிறார்கள் என்று உறுதியாக நம்புவது, ஒரே எண்ணம் திரும்பத் திரும்ப வந்து கையை மணிக்கணக்காகக் கழுவ வைப்பது, காரணமின்றி நெஞ்சு படபடத்துச் சாகப்போவதாகத் தோன்றுவது ஆகியவற்றுள் ஏதேனும் தெரிந்தால் காத்திருக்க வேண்டாம். இரவெல்லாம் உறங்காமல், களைப்பே இல்லாமல், கையிலிருக்கும் பணத்தை அள்ளிக் கொடுத்து, பெரிய பெரிய திட்டம் பேசும் அதீத உற்சாகமும் நோய் அறிகுறிதான். அதை வீட்டார் எளிதில் கண்டுகொள்வதில்லை, ஏனெனில் முதல் சில நாள் அது நல்ல மாற்றமாகவே தெரியும்.

4. பேய்க்கோளாறு என்றார்கள், யாரோ கூடோத்திரம் செய்திருக்கிறார்கள் என்றார்கள். அதைச் சரிசெய்யாமல் மாத்திரை கொடுத்து என்ன பயன்?

இதைக் கேட்பவர்களை நான் ஒருபோதும் கேலி செய்ததில்லை. காதில் இல்லாத குரல் கேட்கிறது, குரலின் தொனியே மாறிப் பேசுகிறார் என்றால், கண் முன்னே நடப்பதற்கு ஊரார் தெரிந்துவைத்திருக்கும் பெயரைத்தான் வீட்டாரும் வைப்பார்கள். மூளையில் செய்தி கடத்தும் வேதிப்பொருள்களின் இயக்கம் மாறும்போது இல்லாத குரல் கேட்கும், இல்லாத உருவம் தெரியும். அதற்கான மருந்து 1950களிலிருந்து உலகெங்கும் பயன்பாட்டில் உள்ளது. கொடுத்தால் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் குரல்கள் அடங்குகின்றன.

கோயிலுக்குப் போகலாமா, ஆலயத்தில் செபிக்கலாமா, தர்காவில் ஓதலாமா என்று கேட்டால், போங்கள் என்றே சொல்வேன். ஆனால் மூன்று காரியங்களில் விட்டுக்கொடுக்காதீர்கள். மாத்திரையை நிறுத்தச் சொன்னால் கேட்காதீர்கள். பட்டினி போடவோ அடிக்கவோ விடாதீர்கள். கட்டிப்போட விடாதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த ஒரு காப்பகக் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கிடந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்துபோனார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி, எந்த வகையிலும் சங்கிலியிடுவது இன்று தடை செய்யப்பட்ட செயல். அந்தத் தடை வீட்டுத் திண்ணைக்கும் பொருந்தும் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

5. கொண்டு போனால் ஊளம்பாறைக்கு அனுப்பிவிடுவார்களோ?

இந்தப் பயம் நம் மாவட்டத்துக்கே உரியது. 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூரோடும் பின்னர் திரு-கொச்சியோடும் இருந்தவர்கள். திருவனந்தபுரத்து ஊளம்பாறையில் இருந்த மனநோய் மருத்துவமனைதான் நம் முன்னோர் அறிந்த ஒரே இடம். அங்கே போனவர் திரும்பமாட்டார் என்ற எண்ணம் அந்தக் காலத்தில் உண்மைக்கு அருகில் இருந்ததால்தான் அந்த ஊர்ப்பெயரே இங்கே வசைச்சொல் ஆனது. பொது மருத்துவமனைகளிலேயே மனநலப் பிரிவு வந்த பிறகு நிலைமை மாறிவிட்டது. வருபவர்களுள் பெரும்பாலோர் வெளிநோயாளிகளாகவே மாத்திரை வாங்கிக்கொண்டு அன்றே வீடு திரும்புகிறார்கள். உள்நோயாளியாகச் சேர்க்க நேர்ந்தாலும், வேறு எந்த வார்டையும் போல, சில நாள்களோ வாரங்களோதான்.

6. மாத்திரை வேண்டாம், கவுன்சலிங் மட்டும் போதாதா? யாரிடம் போவது?

மனநல மருத்துவர் என்பவர் மருத்துவப் படிப்பு முடித்து, மனநோய் மருத்துவத்தில் மேற்படிப்புப் படித்தவர். மருந்து எழுதும் உரிமை அவருக்கு உண்டு. மருத்துவ உளவியலாளர் பேச்சு வழிச் சிகிச்சையில் பயிற்சி பெற்றவர். மருந்து எழுத மாட்டார். லேசான மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் பேச்சு வழிச் சிகிச்சை மட்டுமே போதுமானதாக இருக்கலாம். குரல் கேட்பவருக்கும், அதீத உற்சாகத்தில் இருப்பவருக்கும், உயிரை விட்டுவிட நினைப்பவருக்கும் அது மட்டும் போதாது. எந்த வழி என்று நாமே தீர்மானிக்காமல், முதலில் மனநல மருத்துவரைப் பார்ப்பதே சரி. தைராய்டு குறைவும் மனச்சோர்வு போலவே தோன்றும் என்பதால், அவர் ரத்தப் பரிசோதனையும் எழுதித் தரலாம்.

அரசு மருத்துவமனையில் பார்ப்பதற்கும் மருந்துக்கும் காசு இல்லை. ஆசாரிப்பள்ளம் தொலைவு என்றால், பக்கத்து அரசு மருத்துவமனையில் மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர் என்றைக்கு வருவார் என்று விசாரியுங்கள். ஊரில் யாரும் பார்த்துவிடுவார்களோ என்று கூசுபவர்கள் முதலில் 14416 என்ற டெலிமானஸ் (தொலைபேசி வழி மனநல உதவி) எண்ணை அழைக்கலாம்; 2022 அக்டோபரில் தொடங்கிய இந்த அரசு சேவை 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.

7. ஒருமுறை மாத்திரை தொடங்கினால் சாகும்வரை தின்னணுமாமே? அதுவும் ஒரு போதைதானே?

எல்லா மாத்திரைகளையும் ஒரே கூடையில் போட்டுவிட்டதால் வந்த பயம் இது. மனச்சோர்வுக்குத் தரும் மாத்திரைகளுக்கு ஏக்கம் வராது, அளவைக் கூட்டிக்கொண்டே போகவும் தோன்றாது. அவை வேலை செய்யத் தொடங்க இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும். வாய் உலர்தல், குமட்டல் முதலியவை முதல் வாரத்திலேயே வந்துவிடும். பலன் மூன்றாம் வாரத்தில்தான் தெரியும். பலர் நடுவே உள்ள அந்த நாள்களில்தான் மாத்திரையைத் தூக்கி எறிகிறார்கள். முதல் முறை மனச்சோர்வு வந்தவர், குணமான பிறகும் ஆறு மாதத்துக்குக் குறையாமல் சாப்பிட்டு, பின்னர் மருத்துவர் சொல்லும் முறையில் படிப்படியாகக் குறைத்து நிறுத்தலாம். மனச்சிதைவு (இல்லாத குரல் கேட்கும் வகை நோய்), இருதுருவ நோய் (சோர்வும் அதீத உற்சாகமும் மாறி மாறி வருவது) போன்றவற்றுக்குப் பல ஆண்டுகள், சிலருக்கு வாழ்நாள் முழுவதும் தேவைப்படும், சர்க்கரை நோய்க்குத் தேவைப்படுவது போல.

பழக்கமாகிவிடும் மாத்திரைகள் வேறு. அவை பதற்றத்துக்கும் உறக்கத்துக்கும் தரும் அல்பிரசோலம் வகையைச் சேர்ந்தவை. டாக்டர் இரண்டு வாரத்துக்கு எழுதிய சீட்டை இரண்டு ஆண்டுகளாகக் கடையில் நீட்டி வாங்குபவர்களைப் பார்க்கிறேன். அவற்றையும் திடீரென நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் வலிப்பு வரலாம்.

8. ஷாக் கொடுத்தால் ஆளே மந்தமாகிவிடுவாரா?

திரைப்படங்களில் காட்டுவது போல விழித்திருப்பவரைக் கட்டிவைத்துக் கொடுப்பதில்லை. மயக்க மருந்தும் தசையைத் தளர்த்தும் மருந்தும் இல்லாமல் மின் அதிர்வுச் சிகிச்சை கொடுப்பதை 2017ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்திருக்கிறது. அண்மைக்கால நினைவுகளில் சிலவற்றில் தடுமாற்றம் வரலாம். பெரும்பாலோருக்கு அது சில வாரங்களில் தெளிகிறது. உண்ணாமல், பேசாமல், கல்லாகிக் கிடந்தவர் சில முறை சிகிச்சைக்குப் பிறகு எழுந்து உட்கார்ந்து சோறு கேட்டதை நானே பார்த்திருக்கிறேன்.

9. குடி நோயா? அது கொழுப்பு, நினைத்தால் விட்டுவிடலாம், விட மனசில்லை.

எல்லாக் குடியும் நோய் அல்ல. ஆனால் குடிநோய் என்று ஒன்று உண்டு. 2019இல் வெளியான தேசிய ஆய்வின்படி இந்தியாவில் குடிப்பவர்கள் ஏறத்தாழ 16 கோடிப் பேர். அவர்களுள் சுமார் 2.9 கோடிப் பேர் அதைச் சார்ந்தே வாழும் நிலைக்குப் போய்விட்டவர்கள். தொடங்கியது அவர்கள் விருப்பம்தான். பின்னர் மூளை அந்தப் பொருளுக்கேற்பத் தன்னை மாற்றிக்கொண்டுவிடுகிறது; அதன் பிறகு விருப்பம் என்ற சொல்லுக்கு அங்கே பழைய பொருள் இல்லை.

எப்படி அறிவது? அதே போதைக்கு முன்பைவிடக் கூடுதலாகக் குடிக்க வேண்டியிருக்கிறது. இரண்டு என்று சொல்லி உட்கார்ந்தவரால் இரண்டோடு எழ முடிவதில்லை. காலையில் கை நடுங்குகிறது; அந்த நடுக்கத்தை நிறுத்த மீண்டும் குடிக்கிறார். ஈரல் கெட்டுவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகும், மகளின் நகையை அடகு வைத்த பிறகும் தொடர்கிறது. பிள்ளையின் தலையில் அடித்துச் சத்தியம் செய்தவர் அன்று மாலையே குடித்துவிட்டு வந்தால், அவர் சத்தியத்தில் பொய் இருந்தது என்று நான் நினைக்கவில்லை. சத்தியம் செய்தபோது அவர் உண்மையாகவே சொன்னார். மாலையில் உடல் வேறொன்றைக் கேட்டது.

10. அப்படியானால் வீட்டில் பூட்டிவைத்து ஒரேயடியாக நிறுத்திவிடலாமா?

கூடாது. தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து வரலாம். கடைசியாகக் குடித்து ஆறு மணி நேரம் கழிந்த பிறகு நடுக்கம், வியர்வை, குமட்டல் தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை சிலருக்கு உச்சகட்டக் குழப்பம் வரும்: நாள் கிழமை தெரியாது, சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்வார், போர்வையைப் பிடித்து எதையோ பொறுக்குவார், காய்ச்சலடிக்கும். இது மருத்துவ அவசரம், 108ஐ அழையுங்கள்.

மருத்துவமனையில் நடுக்கத்துக்கான மாத்திரையைக் கொடுத்து ஒரு வாரத்தில் படிப்படியாகக் குறைப்பார்கள். கூடவே பி1 வைட்டமின் ஊசியும் போடுவார்கள். குடிப்பவர் உடலில் அந்த வைட்டமின் வற்றிப்போயிருக்கும். அதைக் கொடுக்காமல் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். ஆகவே "ஒரு பாட்டில் குளுக்கோஸ் போட்டால் தெளிந்துவிடுவார்" என்று எங்கேனும் அழைத்துச் சென்றால், அவர் எவ்வளவு காலமாகக் குடிக்கிறார் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

11. அவருக்குத் தெரியாமல் மீன்குழம்பில் கலந்து கொடுக்க ஒரு மருந்து உண்டாமே?

இந்தத் தொகுப்பில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் உண்டு என்றால் இதைப் படியுங்கள். நீங்கள் சொல்வது பெரும்பாலும் டைசல்பிராம். அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் சரியும். குடித்தால் இப்படி ஆகும் என்று தெரிந்து, அந்தப் பயத்தால் அவரே விலகி நிற்பதற்காகத்தான் அந்த மருந்து. தெரியாமல் கொடுத்தால் அவர் வழக்கம் போல நிறையக் குடிப்பார். இதயம் பலவீனமாக இருந்தால் இறந்துபோகலாம். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட இந்த விளைவு நீடிக்கலாம். தெரிந்தே சாப்பிடுபவர்கூட, நம் ஊர் வைத்தியசாலை அரிஷ்டங்களிலும் சில இருமல் மருந்துகளிலும் மது இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது.

பெயரில்லாத பொட்டலங்களில் விற்கும் பொடிகளைப் பற்றிச் சொல்ல ஒன்றுதான் உண்டு: உள்ளே என்ன இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது. குடிக்கும் ஏக்கத்தைக் குறைக்கும் நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகள் இருக்கின்றன. அவையும் அவர் அறிந்து, ஈரலையும் சிறுநீரகத்தையும் சோதித்த பிறகு கொடுக்க வேண்டியவையே.

12. மறுவாழ்வு மையத்தில் சேர்த்தால் அடிப்பார்களாமே?

அப்படிப்பட்ட இடங்களும் இருக்கின்றன. நான் துணைக்குப் போன ஒரு மையத்தில், சன்னல்கள் ஆணியடித்து மூடப்பட்ட ஒரே கூடத்தில் இருபதுக்கு மேற்பட்டோரைப் படுக்க வைத்திருந்தார்கள். முதுகில் பிரம்படித் தழும்போடு இருந்த ஒருவர், என் கையைப் பிடித்துக்கொண்டு, தன் அம்மாவுக்கு ஒரு போன் போடச் சொன்னார். நாங்கள் அழைத்துப் போனவரை அங்கே விடாமல் திரும்பினோம். ஆனால் அந்த மனிதரை அங்கேயே விட்டுவிட்டு வந்தது இன்றும் என்னை உறுத்துகிறது. அன்று எங்கே புகார் கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. இன்று சொல்வேன்: மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கும் மாநில மனநல ஆணையத்துக்கும் எழுதலாம்.

சேர்க்கும் முன் கேளுங்கள்: மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்று சுவரில் இருக்கிறதா? மனநல மருத்துவர் எந்தெந்த நாளில் வருகிறார்? முதல் வாரத்து நடுக்கத்தை யார் பார்க்கிறார்கள்? வீட்டார் வாரந்தோறும் நேரில் பார்க்கலாமா? கடைசிக் கேள்விக்கு "முதல் இரண்டு மாதம் கூடாது" என்று பதில் வந்தால், வண்டியிலிருந்து ஆளை இறக்காதீர்கள்.

13. சேர்த்து, செலவழித்து, ஆறு மாதம் நன்றாக இருந்து, மறுபடி குடித்துவிட்டார். எல்லாம் வீண்தானே?

வீண் இல்லை. குடிநோய் திரும்பத் திரும்ப வரும் இயல்புடையது. 9ஆம் பதிலில் சொன்ன மூளை மாற்றம் ஆறு மாதத்தில் முழுவதும் சரியாகிவிடுவதில்லை. எந்த நாளில், யாரோடு, என்ன மனநிலையில் குடித்தார் என்று சண்டையில்லாமல் கேட்டுக் குறித்து வையுங்கள். கல்யாண வீடு, கொடை விழா, சனிக்கிழமைக் கூலி, கரை சேர்ந்து பங்கு பிரிக்கும் மாலை என்று அந்தப் பட்டியல் பெரும்பாலும் நீளமாக இருக்காது. அடுத்த முறை அந்த மாலையில் அவர் தனியாக இல்லாதபடி பார்த்துக்கொள்வதும் சிகிச்சையின் பகுதியே. ஆல்ககாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களுக்குக் கட்டணம் இல்லை. குடியை விட்டவர்களே கூடிப் பேசும் இந்த இயக்கம் 1935இல் அமெரிக்காவில் தொடங்கியது. வீட்டாருக்குத் தனியே அல்-அனான் என்று உண்டு. உள்நோயாளி நாள்கள் முடிந்த வாரமே அங்கே போகத் தொடங்குபவர்கள் நிலைத்து நிற்பதை அதிகம் பார்க்கிறேன்.

14. பத்தாம் வகுப்புப் பையனின் பையில் புகையிலைப் பொட்டலம் இருந்தது. கஞ்சாவும் பழகியிருப்பானோ என்று பயமாக இருக்கிறது.

உதட்டுக்குள் ஒதுக்கும் சிறு பொட்டலத்தில் இருப்பதும் நிகோட்டின்தான். மணம் இருப்பதால் பிள்ளைகள் அதை மிட்டாய் போல நினைக்கிறார்கள். குட்கா, மெல்லும் புகையிலை ஆகியவற்றின் விற்பனையைத் தமிழ்நாடு அரசு 2013 முதல் தடை செய்திருக்கிறது. எனவே வாங்கிய இடத்தைப் பற்றி நீங்கள் புகார் செய்யலாம், செய்யவும் வேண்டும்.

கஞ்சாவைச் "செடிதானே" என்று சொல்பவர்களுக்கு ஒரு செய்தி. வளரும் வயதில் அதைத் தொடர்ந்து பயன்படுத்துபவர்களுக்கு 4ஆம் பதிலில் சொன்ன வகை நோய் வரும் வாய்ப்புக் கூடுகிறது. குடும்பத்தில் யாருக்கேனும் அது இருந்தால் இன்னும் கூடும். பையனிடம் கத்துவதற்கு முன், எப்போது, எதற்காகத் தேவைப்படுகிறது என்று கேளுங்கள். தூக்கம் வராமல், படிப்பு ஏறாமல், யாரோ மிரட்டுவதால் என்று பதில் வரலாம். அதுதான் சிகிச்சை தொடங்க வேண்டிய இடம். போதை விடுபடல் உதவிக்கு 14446 என்ற தேசிய எண் உள்ளது.

15. கல்யாணம் பண்ணி வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்களே?

சரியாகாது. உறக்கக் கேடும், புதிய வீடும், எதிர்பார்ப்பும் நோயைக் கிளப்பவே செய்யும். மாத்திரையை ஒளித்துவைத்துச் சாப்பிட முடியாமல் நிறுத்திவிடுவதால், மணமான முதல் சில மாதங்களில் நோய் திரும்புவதைப் பலமுறை பார்த்துவிட்டேன். மறைத்துச் செய்த திருமணம் நீதிமன்றத்துக்கும் போகும்.

நோய் கட்டுக்குள் இருப்பவர் திருமணம் செய்யக் கூடாது என்பதும் இல்லை. எதிர்வீட்டாரிடம் சொல்லிவிட்டு, ஒருமுறை இரு தரப்பும் சேர்ந்து மருத்துவரைப் பார்த்துவிட்டுச் செய்த திருமணங்கள் நன்றாக இருக்கின்றன. கருத்தரிக்க நினைக்கும் பெண், சாப்பிடும் மருந்தைப் பற்றி முன்கூட்டியே கேட்க வேண்டும். இருதுருவ நோய்க்குத் தரும் வால்புரோயேட் போன்றவை குழந்தையைப் பாதிக்கும் என்பதால் மாற்ற வேண்டியிருக்கும்.

16. பிரசவம் ஆனதிலிருந்து மகள் பிள்ளையைத் தொடவே மாட்டேன் என்கிறாள்.

முதல் வாரத்தில் காரணமின்றி அழுகை வருவது பலருக்கும் உண்டு. இரண்டு வாரத்துக்குள் அடங்கிவிடும். அதைத் தாண்டினால் மனச்சோர்வு நோய். ஆனால் உறக்கமே இல்லாமல், குழப்பமாகப் பேசி, பிள்ளையை யாரோ மாற்றிவிட்டார்கள் என்பது போலச் சொன்னால், அது ஆயிரத்தில் ஒன்றிரண்டு தாய்மாருக்கு வரும் கடும் நோய். தாயையும் பிள்ளையையும் தனியே விடாமல் அன்றே மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள், நன்றாகக் குணமாகக்கூடியது.

17. செத்துப்போகிறேன் என்று சொல்லுகிறார். அதைப் பற்றிக் கேட்டால் தூண்டிவிட்டது போல ஆகாதா? போலீஸ் கேஸ் ஆகுமா?

கேட்பதால் எண்ணம் தூண்டப்படுவதில்லை, "உயிரை விட்டுவிடத் தோன்றுகிறதா?" என்று நேராகக் கேட்பது பெரும்பாலும் ஆறுதலாகவே இருக்கும். சொல்பவர் செய்யமாட்டார் என்ற நம்பிக்கை தவறு. கேட்டு, இடைமறிக்காமல் இருந்து, தனியே விடாமல் மருத்துவரிடம் கொண்டு போங்கள். வீட்டிலுள்ள பூச்சிமருந்து, ரப்பர் ஆசிட், மீந்த மாத்திரைகள் ஆகியவற்றை அப்புறப்படுத்துங்கள் அல்லது பூட்டி வையுங்கள். அந்த எண்ணத்தின் உச்சம் பலருக்குச் சில மணி நேரமே நீடிக்கும். அந்நேரம் கைக்கு எட்டாமல் இருப்பதே பலரைக் காப்பாற்றியிருக்கிறது. இரவாக இருந்தால் 14416ஐ அழையுங்கள்.

வழக்குக்குப் பயந்து காயத்தை மறைக்க வேண்டாம். 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருதி, அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது.

18. ஒக்கியில் போனவர். உடலும் வரவில்லை. என் மருமகள் இன்றும் அவர் உடுப்பைத் துவைத்து மடித்து வைக்கிறாள். இது நோயா?

ஒக்கிப் புயல் வீசிய 2017 நவம்பர் 29 இரவும் மறுநாளும் கடலில் இருந்தவர்களுள் பலர் திரும்பவில்லை. பலர் உடல் கிடைக்கவில்லை. அடக்கம் செய்யாத துக்கத்துக்கு முடிவு வைப்பது கடினம். உடுப்பை மடித்து வைப்பது மட்டுமே நோய் ஆகாது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறாள், சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்கிறாள், ஆண்டு நினைவு நாளில் அழுகிறாள் என்றால் அது அன்பு.

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் கடற்கரைப் பக்கமே போக முடியாமல், காற்று பலமாக அடித்தால் உடல் நடுங்கி, அந்த இரவே மீண்டும் நடப்பது போலத் தோன்றி, வேறு எதிலும் மனம் ஒட்டாமல் இருந்தால் அதற்குச் சிகிச்சை தேவை. 2004 சுனாமிக்குப் பிறகு குளச்சல் கரையிலும் இப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள். மறக்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். அவரைப் பற்றிப் பேச இடம் கொடுத்து, அவள் இசைந்தால் மருத்துவரிடம் உடன் போங்கள்.

19. தனக்கு நோயே இல்லை என்கிறார், வரமாட்டேன் என்கிறார். பிடித்துக் கட்டிக் கொண்டு போகலாமா?

கட்டுவது பற்றி 4ஆம் பதிலில் சொல்லியாயிற்று. தனக்கு நோய் இருப்பதை உணர முடியாமல் இருப்பது அந்த நோயின் கூறுகளுள் ஒன்று. வாதாடி வெல்ல முடியாது. "உனக்குப் பைத்தியம்" என்று தொடங்காமல், அவரே ஒப்புக்கொள்ளும் தொல்லையைப் பிடியுங்கள். "தூக்கமில்லாமல் கஷ்டப்படுகிறாயே மக்கா, அதற்கு மட்டும் ஒரு டாக்டரைப் பார்ப்போம்" என்று ஒரு தாய் சொன்னதும், மூன்று ஆண்டுகள் வர மறுத்த மகன் அன்றே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான். வீட்டில் அவர் மதிக்கும் ஒருவர், அது சித்தப்பாவோ பழைய ஆசிரியரோ, அந்த ஒருவர் மட்டும் பேசட்டும்.

தனக்கோ பிறருக்கோ ஆபத்து விளைவிக்கும் நிலையில் இருந்தால், அவர் சம்மதம் இல்லாமலும் சேர்க்கச் சட்டம் வழிவகுக்கிறது. அவருடைய நியமனப் பிரதிநிதியின் (அவர் சார்பில் பேசச் சட்டம் ஏற்கும் ஒருவரின்) விண்ணப்பத்தின் பேரில், வல்லுநர் இருவர் தனித்தனியே பரிசோதித்து, முதலில் 30 நாள் வரை சேர்க்கலாம். காவல் நிலையத்தின் உதவியையும் கேட்கலாம்.

20. மகன் ஆழ்கடலுக்குப் போகிறவன், போனால் நாற்பது நாள் ஆகும். மருந்து சாப்பிட்டுக்கொண்டு தொழிலுக்குப் போகலாமா?

பலர் போகிறார்கள், ஆனால் ஆயத்தம் வேண்டும். குணமாகித் திரும்பும் முதல் சில மாதங்களில், அன்றன்று கரை திரும்பும் படகில் போகட்டும். உறக்கம் வரவழைக்கும் மருந்தானால், இரவுக் காவலும் இயந்திரப் பொறுப்பும் அவனுக்கு வேண்டாம் என்று படகை ஓட்டுபவரிடம் சொல்லியாக வேண்டும். இருதுருவ நோய்க்குத் தரும் லித்தியம் சாப்பிடுபவனுக்கு இன்னொரு எச்சரிக்கை உண்டு: வெயிலில் வியர்த்துத் தண்ணீர் குடிக்காமல் இருந்தாலும், உடம்பு வலிக்கு டைக்குளோபினாக் போன்ற மாத்திரையைப் போட்டாலும், ரத்தத்தில் லித்தியம் கூடி நஞ்சாகும். கை அதிகமாக நடுங்கி, நடை தள்ளாடி, வாந்தி வந்தால் அதுவே அறிகுறி.

குடிப்பழக்கம் உள்ளவன் என்றால் வேறொரு ஆபத்து. படகில் சரக்குத் தீர்ந்த இரண்டாம் மூன்றாம் நாளில், 10ஆம் பதிலில் சொன்ன குழப்பம் நடுக்கடலில் வரும். கடலில் பேயடித்துவிட்டது என்று நம் கரையில் சொல்லும் கதைகளில் சிலவாவது இதுவாகத்தான் இருக்கும் என்பது என் எண்ணம். அப்படி வந்தவன் கரை தெரிகிறது என்று சொல்லித் தண்ணீரில் இறங்கிவிடலாம். ஆகவே குடியை நிறுத்துவது கரையில், மருத்துவமனையில் நடக்கட்டும். கடல் அதற்குரிய இடம் அல்ல.

மருந்தைத் திருகுமூடி டப்பா இரண்டில் பிரித்து, நாற்பது நாளுக்குமேல் பத்து நாளுக்கும் சேர்த்து, சீட்டின் நகலோடு கொடுத்தனுப்புங்கள். ஒரு டப்பா அவனிடமும் மற்றது படகை ஓட்டுபவரிடமும் இருக்கட்டும். அத்தனை நாளுக்கான மருந்தைக் கேட்டு வாங்க டாக்டர் எழுதித்தர வேண்டியிருக்கும் என்பதால், படகு கிளம்பும் நாள் காலையில் வராமல், முந்தின வாரமே அவனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.